பிடித்த மீனை ஏன் விட வேண்டும்? எண்டாவ் ஆற்றுக் கெலாவும் ஈத்தூண்டிலும்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூண்டிலோடு நாலு பேர் கிளம்பாத தோட்டம் ஜொகூரில் குறைவு. குளுவாங், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களில் செம்பனைக் காட்டை ஒட்டிய கால்வாய்களிலும் ஓடைகளிலும் விரால், கெளுத்தி, செப்பாட் பிடித்து வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும் அந்த ஆசை விடுவதில்லை. காசு கட்டி மீன் பிடிக்கும் குளங்களில் ரோகுவுக்கும் பாத்தினுக்கும் காத்திருக்கிறோம். பிடித்தது வீட்டுக்கு வரும், குழம்பாகும், பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

இப்படி வளர்ந்த நம்மிடம் வேறொரு வகைத் தூண்டில்காரரைப் பற்றிச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். அவர் வழிகாட்டிக்குக் கூலி கொடுத்து, நாள் முழுக்க இடுப்பளவு நீரில் நிற்பார். நல்ல மீன் ஒன்று சிக்கினால் ஒரு படம் எடுத்துக்கொண்டு அதை ஆற்றிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு மகிழ்ச்சியாக வீடு திரும்புவார்.

பிளை பிஷிங் எனப்படும் இந்தக் கலையை நாம் ‘ஈத்தூண்டில்’ என்று அழைக்கலாம். மேலை நாடுகளில் டிரௌட் மீனை நம்பி இது ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. மலேசியாவில் டிரௌட் கிடையாது. ஆனால் அதற்கு இணையாக, அதைவிட மேலாகக்கூடத் தூண்டில்காரர்கள் மதிக்கும் மீன் ஒன்று நம் ஆறுகளில் இருக்கிறது. அதுதான் கெலா. ஜொகூரில் அதன் முக்கிய வீடு எண்டாவ்-ரொம்பின் காடு. அந்த மீன் நம் பிள்ளைகள் காலத்திலும் இருக்குமா என்பதே இங்குள்ள கேள்வி. அதற்குப் பதில் தேடும்போது, வெறுங்கையோடு திரும்பும் அந்தத் தூண்டில்காரரைப் பார்த்து நாம் அவ்வளவு எளிதாகச் சிரித்துவிட முடியாது.

ஈத்தூண்டில் என்றால் என்ன?

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் தூண்டிலில் எடை இருப்பது நுனியில்தான். ஈயக் குண்டோ, இரையோ, உலோகப் போலி மீனோ எடையோடு பறந்துபோய் விழும். மெல்லிய தங்சி நூல் அதன் பின்னால் இழுபட்டுப் போகும்.

ஈத்தூண்டிலில் இது தலைகீழ். நுனியில் இருப்பது இறகும் ரோமமும் நூலும் சுற்றிக் கட்டிய சிறு முள். காற்றில் ஊதினால் பறக்கும் அளவுக்கு அது இலேசானது. அதைத் தனியாக எறிய முடியாது. ஆகவே எடை நூலுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. தடித்த, வழவழப்பான அந்த நூலைக் கோலால் பின்னுக்கு வீசி, அது காற்றில் முழுதாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னுக்கு வீச வேண்டும். நூல் வளையமாக உருண்டு விரிந்து, கடைசியில் அந்தப் போலி ஈயைத் தண்ணீர்மேல் மெதுவாக வைக்கும். பின்னால் மரக்கிளை இருந்தால் நூல் அதில் மாட்டிக்கொள்ளும். கற்றுக்கொள்பவர்கள் முதல் நாளில் மீனைவிட மரத்தைத்தான் அதிகம் பிடிப்பார்கள்.

‘ஈ’ என்று பெயர் இருந்தாலும் எல்லாமே ஈ வடிவத்தில் இருப்பதில்லை. மீன் எதைத் தின்கிறதோ அதைப் போலக் கட்டுவார்கள். வெட்டுக்கிளி, வண்டு, நீர்ப்பூச்சியின் புழு, சிறு மீன், ஏன், மரத்திலிருந்து ஆற்றில் விழும் பழம்கூட அதில் அடங்கும். ஆற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கே எந்த ஈயைக் கட்டுவது என்பதும் தெரியும்.

டிரௌட் இல்லாத நாட்டில்

டிரௌட் குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே அதற்குச் சிரமம் தொடங்கிவிடும். நம் நாட்டுத் தாழ்நில ஆறுகள் ஆண்டு முழுவதும் அதைவிடச் சூடானவை. ஜொகூரில் டிரௌட்டை விட்டால் அது பிழைக்காது.

கெலா நம் மழைக்காட்டு மீன். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் மஹ்சீர் என்று அழைக்கப்படும் பெரிய மீன்களுக்கு நெருங்கிய உறவு. பெரிய செதில்களும், தடித்த உதடுகளும், வேகமான நீரை எதிர்த்து நிற்கும் உடல் வலுவும் கொண்டது. தெளிந்து ஓடும், பிராணவாயு நிறைந்த, கல்லும் மணலும் பரவிய ஆற்றில்தான் வாழும். கலங்கல் நீர் அதற்கு ஆகாது. அது மெதுவாக வளரும் மீனும்கூட. பெரிய கெலா ஒன்றைப் பிடித்துச் சட்டியில் போட்டால், பல ஆண்டுகள் வளர்ந்த ஒன்றை ஒரே வேளையில் தின்று தீர்த்தோம் என்று பொருள்.

கெலாவின் உணவில் காட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. கரையோர அத்தி மரங்களின் பழம் ஆற்றில் விழும்போது மீன் கீழே காத்திருக்கும். சரவாக்கில் எம்பூராவ் என்று அழைக்கப்படும் இதே இன மீன், எங்காபாங் பழம் தின்பதால்தான் அதற்கு அந்தத் தனிச் சுவை என்கிறார்கள். உணவகங்களில் எம்பூராவ் ஒரு கிலோ பல நூறு ரிங்கிட்டுக்கு விலைபோகிறது. அந்த விலையே இந்த மீனுக்கு எமனாகவும் ஆகியிருக்கிறது.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. கெலாவுக்கு இரையாகத் தூண்டில்காரர்கள் பெரிதும் நம்புவது செம்பனைப் பழத்தை. நம் தாத்தா பாட்டி காலம் முதல் குலை குலையாகச் சுமந்த அதே பழம்தான். ஈத்தூண்டில்காரர்கள் செம்பனைப் பழத்தைப் போலவே செம்மஞ்சள் நிறத்தில் போலிப் பழமும் கட்டுகிறார்கள்.

கெலாவோடு அதே ஆறுகளில் செபாராவ் என்ற வேட்டை மீனும் உண்டு. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை கொண்ட இது சிறு மீன்களைத் துரத்தித் தின்னும். ஈத்தூண்டிலுக்கும் வேகமாகப் பாயும். புதிதாகக் கற்பவர்களுக்குக் கெலாவைவிடச் செபாராவே முதல் பாடம். கெலா கூச்சம் மிகுந்தது. கரையில் நிழல் அசைந்தாலே ஆழத்துக்குப் போய்விடும்.

எண்டாவ்-ரொம்பின்

ஜொகூர், பகாங் எல்லையில் பரந்து கிடக்கிறது எண்டாவ்-ரொம்பின் காடு. 1977-இல் பகாங் பக்கம் இந்தக் காட்டின் நடுப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி வழங்கப்பட்டபோது நாடு தழுவிய எதிர்ப்பு எழுந்தது, வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைக் கழகம் ஓர் அறிவியல் பயணத்தை நடத்தி இங்குள்ள உயிர்களைப் பதிவு செய்தது. பின்னர் ஜொகூர் பகுதி மாநிலத் தேசியப் பூங்காவானது. அன்று அந்தக் குரல் எழாமல் போயிருந்தால், இன்று கெலாவைப் பற்றி எழுத இந்த ஆற்றில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. காடு போனால் மண் கரையும்; மண் கரைந்தால் ஆறு கலங்கும்; கலங்கிய ஆற்றில் கெலா இருக்காது.

பூங்காவுக்குள் செல்ல ஜொகூரில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, குளுவாங் மாவட்டத்தின் காஹாங் பட்டணத்திலிருந்து கம்போங் பேத்தா வழி. ஏறத்தாழ 56 கிலோமீட்டர். நான்கு சக்கர இயக்க வாகனம் தேவை. மற்றொன்று, சிகாமட் மாவட்டத்தின் பெக்கோக்கிலிருந்து செலாய் வழி. கம்போங் பேத்தா ஜாக்குன் பூர்வக்குடி மக்களின் கிராமம். எண்டாவ் பள்ளத்தாக்கு தலைமுறை தலைமுறையாக அவர்களின் வாழ்விடம். ஆற்றில் எந்த மடு எவ்வளவு ஆழம், எந்தப் பழம் எந்த மாதத்தில் உதிரும், மேல் மலையில் மழை பெய்தால் நீர் எப்போது இங்கு வந்து சேரும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடப் புத்தகம் இல்லாமலே தெரியும். பூங்காவுக்கு வருவோருக்கு வழிகாட்டிகளாக இருப்பவர்களில் அந்தக் கிராமத்து மக்களும் அடங்குவர்.

வழிகாட்டிக்கு எதற்குக் காசு?

மீன் பிடிக்க நமக்குத் தெரியாதா, அதற்கு எதற்கு ஓர் ஆள் என்று கேட்கலாம். வழிகாட்டியின் வேலையைப் பார்த்தால் பதில் புரியும்.

முதலில் உயிர்ப் பாதுகாப்பு. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்த மழை சுவர்போல இறங்கி வரக்கூடும். கெப்பாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் இந்தத் திடீர் வெள்ளம் நம் நாட்டு அருவிகளில் எத்தனையோ குடும்பங்களைக் கலங்கடித்திருக்கிறது. நீரின் நிறம் மாறுவது, சருகும் குச்சியும் திடீரென மிதந்து வருவது, மேலே இரைச்சல் கேட்பது போன்ற அறிகுறிகளை ஆற்றோடு வாழ்ந்தவரே முதலில் கவனிப்பார். எண்டாவ்-ரொம்பின் யானையும் புலியும் வாழும் காடு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது ஆற்றறிவு. மீன் எங்கே நிற்கும், எந்தப் பக்கமிருந்து அணுக வேண்டும், எந்த ஈ, எந்த நேரம் என்பதையெல்லாம் வழிகாட்டி சொல்வார்.

மூன்றாவது காவல். மீனை விட்டுவிட்டு வரும் பயணிகளால் ஒரு கிராமத்துக்கு வருமானம் கிடைக்கும்போது, அதே கிராமம் அந்த ஆற்றுக்குக் காவலாகவும் ஆகிறது. கறிக்கு விற்ற கெலா ஒருமுறை காசு தரும். ஆற்றில் நீந்தும் கெலாவைத் தேடி அடுத்த மாதமும் ஆள் வருவார். படகுக்காரர், சமைப்பவர், தங்க இடம் கொடுப்பவர் என்று பலருக்கும் அது கூலியாகும். மின்சாரம் பாய்ச்சியோ விஷம் கலந்தோ மீன் பிடிக்க ஒருவர் வந்தால் தட்டிக் கேட்க அந்தக் கிராமத்துக்கு அப்போது ஒரு காரணம் இருக்கும்.

சபாவில் ‘தாகால்’ முறை இதைத்தான் செய்கிறது. ஆற்றின் சில பகுதிகளில் மீன் பிடிக்கவே கூடாது. சில பகுதிகளில் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும். சில பகுதிகளில் எப்போதும் பிடிக்கலாம் என்று கிராம மக்களே எல்லை வகுத்துக் காக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டுகளில் மாநில அரசு இதற்கு ஊக்கமும் சட்ட ஆதரவும் கொடுத்தது. ரானாவ் வட்டாரத்தின் மோரோலி ஆற்றில் மனிதர்களின் காலைச் சுற்றி மீன்கள் மொய்ப்பதைக் காணச் சுற்றுப்பயணிகள் போகிறார்கள்.

துரைமார்களின் டிரௌட்

தோட்டத் தமிழர்களுக்கும் ஈத்தூண்டிலுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஆனால் கோல் அப்போது நம் கையில் இல்லை.

ஆங்கிலேயர்கள் மலைகளில் தேயிலையும் காப்பியும் பயிரிட்டபோது தங்கள் ஊர் டிரௌட்டையும் உடன் கொண்டுவர முயன்றார்கள். இலங்கையின் நுவரெலியாவில் 1880-ஆம் ஆண்டுகளில் டிரௌட் விடப்பட்டது. நீலகிரியில் 1860-களில் பிரான்சிஸ் டே செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. பின்னர் எச்.சி. வில்சன் எடுத்த முயற்சியே வெற்றி கண்டது. 1907-இல் அவலாஞ்சியில் டிரௌட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. மூணாறு மலைகளிலும் துரைமார்கள் ஓடைகளில் டிரௌட் வளர்த்து, வார இறுதிகளில் ஈத்தூண்டில் போட்டார்கள். அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். மலாயாவுக்குக் கப்பலேறி ரப்பர் வெட்ட வந்த நம் முன்னோர்களுக்கு அவர்கள் அண்ணன் தம்பி போல.

மூணாறுத் துரைமார்கள் 1928-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அதற்குக் காவலர்களாக இருந்தவர்கள் முதுவர் பழங்குடியினர். இரவிகுளம் புல்வெளியும் அங்குள்ள வரையாடும் இன்றும் தப்பிப் பிழைத்திருப்பதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1978-இல் அது தேசியப் பூங்காவானது. காட்டைக் காத்தது அங்கேயே பிறந்தவர்களின் கண்ணும் காலும்தான். எண்டாவில் ஜாக்குன் மக்களின் இடத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

காவிரி தந்த பாடம்

கெலாவின் நெருங்கிய உறவான காவிரி மஹ்சீரின் கதை நமக்கு ஓர் எச்சரிக்கை. காவிரியின் கர்நாடகப் பகுதியில் 1970-களிலிருந்து மஹ்சீருக்கான தூண்டில் முகாம்கள் நடந்தன. பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்பது விதி. உள்ளூர் ஆட்கள் வழிகாட்டிகளாக வேலை செய்தார்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் சிலரும் அவர்களில் உண்டு. வனவிலங்குச் சட்டத்தின் கீழ் சரணாலயங்களுக்குள் தூண்டில் போடுவது தடைசெய்யப்பட, 2012-ஆம் ஆண்டோடு அவை நின்றன.

கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்கேட்டை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துப் பார்த்தார்கள். 6,000-க்கும் மேற்பட்ட மஹ்சீர்கள் பிடித்து விடப்பட்ட கணக்கு அதில் இருந்தது. மொத்தத்தில் மீன் குறையவில்லை, கூடியிருந்தது. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அருகிக்கொண்டே போயிருந்தது. அகப்பட்ட ஒன்றிரண்டும் பெரிய மீன்கள், குஞ்சுகளே இல்லை. கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர் போல. வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்து காவிரியில் விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் அந்த இடத்தை நிரப்பியிருந்தது. நல்ல எண்ணத்தோடுதான் குஞ்சுகளை விட்டார்கள். அந்த ஆற்றுக்கு உரியதல்லாத மீனை விட்டதுதான் வினையானது.

திமில் மஹ்சீரின் சரியான அறிவியல் அடையாளமே 2018-இல்தான் உறுதியானது. தமிழ்நாட்டின் மோயாற்றில் கிடைத்த மீன்கள் அதற்கு உதவின. அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் இதே பாடத்தை முன்பே கற்றது. மேடிசன் ஆற்றில் நடந்த ஆய்வில், வளர்ப்பு டிரௌட்டைக் கொண்டுவந்து விடுவதால் ஆற்றிலேயே பிறந்த டிரௌட் குறைகிறது என்று தெரிந்தது. 1974-இல் அந்த மாநிலம் அத்தகைய ஆறுகளில் மீன் விடுவதை நிறுத்தியது. அதற்குப் பதிலாக ஆற்றையே பார்த்துக்கொண்டது. உரிமம் பெற்ற வழிகாட்டிகளோடு அந்த ஆறுகளில் ஈத்தூண்டில் போட இன்று உலகெங்குமிருந்து மக்கள் போகிறார்கள். கோடையில் நீர் தொடர்ந்து மூன்று நாள் ஏறத்தாழ 23 டிகிரியைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடக் கூடாது என்ற விதியும் அங்கே உண்டு. சூடான நீரில் களைத்த மீன் விட்டாலும் பிழைக்காது என்பதே காரணம்.

நம் கெலாவைப் பற்றி உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியல் என்ன சொல்கிறது? ‘போதிய தரவு இல்லை’ என்கிறது. எத்தனை மீன் இருக்கிறது, கூடுகிறதா, குறைகிறதா என்று சொல்லும் அளவுக்குக் கணக்கு இல்லை. வழிகாட்டிகளும் தூண்டில்காரர்களும் பிடித்து விட்ட மீனின் நீளம், இடம், தேதி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தாலே அது பெரிய சேவை. காவிரியில் திமில் மஹ்சீர் மறைவதைக் காட்டிக் கொடுத்தது அப்படியொரு குறிப்பேடுதான்.

பிடித்து விடுவது வதை இல்லையா?

இந்தக் கேள்வி நியாயமானது. பசிக்குப் பிடிப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. விளையாட்டுக்கு முள் குத்தி, இழுத்து, விடுவது எதற்கு என்று கேட்பவர்கள் நம் வீட்டிலேயே உண்டு. டிரௌட்டின் வாயில் வலியை உணரும் நரம்புகள் இருப்பதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சுவிட்சர்லாந்தில் மீனை விட்டுவிடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதே சட்டப்படி கூடாது. சாப்பிடுவதற்காகப் பிடி, இல்லையென்றால் பிடிக்காதே என்பது அவர்கள் நிலை.

இதற்கு முழுமையான பதில் இல்லை. ஆனால் கெலாவின் நிலைமையில் நம் முன்னால் இருக்கும் தேர்வு, தூண்டிலா அமைதியா என்பது மட்டும் அல்ல. யாரும் கண்காணிக்காத ஆற்றில் வருவது மின்சாரமும் விஷமும்தான். அவை பெரியது சிறியது பார்ப்பதில்லை. குஞ்சையும் முட்டையையும் சேர்த்தே அழிக்கும். வெடி, விஷம், மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். சட்டம் காட்டுக்குள் ஒவ்வொரு மடுவுக்கும் வந்து நிற்காது. அங்கே நிற்கப்போவது மனிதர்கள்.

சாப்பாட்டுக்காகத் தோட்டத்து ஓடையில் கெளுத்தி பிடிப்பவரை இந்தக் கட்டுரை குறை சொல்லவில்லை. கெளுத்தியும் திலாப்பியாவும் வேகமாகப் பெருகுபவை. கெலா அப்படி இல்லை. கெலா சாப்பிட ஆசைப்படுபவர்களுக்கு வளர்ப்புப் பண்ணை மீன் இருக்கிறது. ஆற்றுக் கெலாவை ஆற்றுக்கே விடுவோம்.

விடுவதற்கும் ஒரு முறை உண்டு

தூக்கிப்போட்டால் மீன் நீந்திப் போய்விடும், ஆனால் சில மணி நேரத்தில் செத்தும் போகலாம். விட்ட மீன் உண்மையிலேயே பிழைக்க வேண்டுமானால்:

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். முள் எளிதாகக் கழன்று வரும். நம் கையில் குத்தினாலும் கழற்றுவது சுலபம்.

மீனை நெடுநேரம் ஓடவிட்டு விளையாடாதீர்கள். போதிய வலுவுள்ள கோலும் நூலும் வைத்துச் சீக்கிரம் கரைக்குக் கொண்டு வாருங்கள்.

தொடுவதற்கு முன் கையை நனையுங்கள். காய்ந்த கையும் துணியும் மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். நோய்க்கிருமி உள்ளே போகாமல் காப்பது அந்த வழுவழுப்புத்தான்.

மீனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால், நீங்கள் மூச்சை அடக்கும் நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். பாறையிலோ படகின் தரையிலோ போடாதீர்கள்.

முள்ளை ஆழமாக விழுங்கிவிட்டால் பிடுங்க வேண்டாம். நூலை முள்ளருகே வெட்டி விடுங்கள்.

விடும்போது மீனின் தலை நீரோட்டத்தை நோக்கி இருக்கட்டும். அது தானாக உங்கள் கையை உதறிப் போகும்வரை தாங்கிப் பிடித்திருங்கள்.

போக நினைப்பவர்களுக்கு

முதலில் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். பூங்கா திறந்திருக்கிறதா, இப்போது தூண்டில் போட அனுமதி உண்டா, எந்தப் பகுதியில், என்ன அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூங்காவை மூடுவது வழக்கம். ஆற்று மீன்பிடிப்பு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பகாங்கில் கேட்டது ஜொகூருக்குப் பொருந்தாமல் போகலாம்.

வழிகாட்டி உரிமம் பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. இயற்கைப் பகுதி வழிகாட்டிகளுக்குச் சுற்றுலா அமைச்சு பச்சை அட்டை வழங்குகிறது. உள்ளூர் கிராமத்து ஆளையே அமர்த்துவது ஆற்றுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பாதுகாப்பு மிதவைச் சட்டை கட்டாயம். நீச்சல் தெரியும் என்பது காட்டாற்றில் போதாது. உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் நீரில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் ஆற்று நீரிலும் வரும். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் கண்டால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் வளர்த்துச் சலித்த மீனை ஆற்றில் விடாதீர்கள். பாவம், உயிர் பிழைக்கட்டும் என்று விட்ட பண்டாராயா மீன் நம் ஆறுகளில் என்ன பாடு படுத்துகிறது என்பதை எல்லாரும் அறிவோம்.

தோட்டம் தொடங்கி ஆறு வரை

கெலா காட்டுக்குள் இருக்கிறது, நமக்கும் அதற்கும் என்ன என்று இருந்துவிட முடியாது. ஆற்றோரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டிய நிலத்தில் செம்பனை நட்டால், மண்ணும் உரமும் மருந்தும் நேராக ஆற்றில்தான் இறங்கும். 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்க வேண்டும் என்கிறது வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. அந்த அளவு எங்கெங்கே காக்கப்படுகிறது என்பதை அங்கேயே வேலை செய்யும் நம்மவர்களைவிட நன்றாகப் பார்க்கக்கூடியவர்கள் யார்? 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் பள்ளிகளில் நம் பிள்ளைகளும் படித்தார்கள். ஆற்றில் நடப்பது வீட்டு வாசலுக்கு வர அதிக நாள் ஆகாது.

பாண்டியர்கள் மீனைக் கொடியில் வைத்தார்கள். கயலைக் கண்ணுக்கு உவமை சொல்லாத தமிழ்ப் புலவர் குறைவு. அந்தக் கயலின் பெரிய சொந்தக்காரன் எண்டாவ் ஆற்றில் இன்னும் நீந்துகிறான். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒருமுறை கம்போங் பேத்தாவுக்கு அழைத்துப் போங்கள். தூண்டில் போடாவிட்டாலும் பரவாயில்லை. தெளிந்த நீரில் கெலா எதிர்நீச்சல் போடுவதை ஒருமுறை கண்ட பிள்ளை, தன் தோட்டத்து ஓடையில் யாராவது மருந்து டப்பாவைக் கழுவினால் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது.